16 கிலோமீட்டருக்குள் அடங்குமா நீதி?

உச்சநீதிமன்றத்தில் ஒரு மனுவைப் போடும் உரிமை எல்லா வக்கீல்களுக்கும் கிடையாது. அதற்கென்று தனித் தேர்வு எழுதித் தேறி, பெயரைப் பதிவு செய்துகொண்ட வக்கீல்கள் மட்டுமே ஒருவருக்காக அங்கே மனுப் போட முடியும். அப்படிப் பதிவு பெற்றவரின் அலுவலகம் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் 2013-ஆம் ஆண்டு உச்சநீதிமன்ற விதிகள் அளந்து வைத்திருக்கின்றன. டில்லியில், நீதிமன்றக் கட்டடத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும்!

பதினாறு கிலோமீட்டர்! டில்லிக்காரருக்கு அது ஒரு பஸ் பயணம். சென்னையிலிருந்து அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொடவே ஏறத்தாழ 2200 கிலோமீட்டர் போக வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தில் கால் வெந்து நிற்பவன், கோவையில் பஞ்சாலைத் தூசியைச் சுவாசித்து இருமுபவன், திருப்பூரில் பனியன் தைத்துக் கண் மங்கியவள் ஆகிய இவர்களுக்கெல்லாம் அந்த வட்டம் வானத்து நிலாவைச் சுற்றியுள்ள கோட்டை போலத்தான். பார்க்கலாம்; தொட முடியாது.

அரசியல் சட்டத்தின் முகப்பில் நீதி என்ற சொல்தான் முதலில் வருகிறது. சமுதாய நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் கிலோமீட்டர் கணக்கு எதையும் அதில் போடவில்லை. கணக்கு பிறகு வந்தது. கணக்கு வந்த பிறகு, எளியவனுக்கும் வலியவனுக்கும் இருந்த இடைவெளி இன்னும் நீண்டது.

ஒரு தொழிலாளியை ஆலை நிர்வாகம் வெளியே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவன் தொழிலாளர் நீதிமன்றம் போகிறான். ஆண்டுகள் உருள்கின்றன. கடைசியில், "நீக்கியது தவறு, வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்" என்று தீர்ப்பு வருகிறது. தொழிற்சங்க அலுவலகத்தில் மாலை, சுவரொட்டி, இனிப்பு! ஆனால் மறுவாரமே நிர்வாகம் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுகிறது. அங்கே ஒரு நீதிபதி விசாரிக்கிறார். அவரும் தொழிலாளி பக்கமே நியாயம் என்றால், இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அப்பீல். அங்கேயும் தோற்றால், அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு, 90 நாட்களுக்குள் டில்லிக்குச் சிறப்பு அனுமதி மனு.

நான்கு படிகள். நிர்வாகத்துக்கு நான்கு படியும் மின்தூக்கியில் ஏறுவது போல. வக்கீல் கட்டணம் கம்பெனிக் கணக்கில் ஒரு செலவு வரி. தொழிலாளிக்கோ முதல் படியில் மனைவியின் தோடு, இரண்டாம் படியில் குடியிருக்கும் வீட்டின் பத்திரம், மூன்றாம் படியில் மகளின் படிப்பு. நான்காம் படியில் ஏற எதுவும் மிச்சமில்லை. தூரத்துத் தண்ணீர் ஆபத்துக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். தூரத்து நீதி மட்டும் உதவிவிடுமா?

அப்பீலே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கீழே உள்ள நீதிபதி தவறு செய்தால் திருத்த மேலே ஒருவர் வேண்டும். தொழிலாளிக்கு எதிராகத் தவறான தீர்ப்பு வரும்போது அவனுக்கும் அந்தக் கதவு வேண்டும். நாம் சொல்வது இதுதான்: கதவு இருவருக்கும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒருவனுக்கு வாசலில், மற்றவனுக்கு வனாந்தரத்தில் என்று இருக்கக் கூடாது.

இந்தக் கதை புதியதன்று. வெள்ளையன் காலத்தில் நம் வழக்குகளின் இறுதித் தீர்ப்பு லண்டனில் இருந்தது. பிரிவி கவுன்சில் என்ற பெயரில், கடல் கடந்த மண்டபத்தில் உட்கார்ந்து, நம் நிலத்தையும் உயிரையும் பற்றி அவர்கள் முடிவு சொன்னார்கள். 1949-ல் அந்த அதிகாரம் ஒழிந்தது. 1950 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பிறந்தது. கடல் தாண்ட வேண்டியதில்லை என்று மகிழ்ந்தோம். கடல் போயிற்று; விந்தியம் நின்றுவிட்டது!

அதே 1950-ல் தொழிலாளர் வழக்குகளுக்கென்றே ஒரு மேல்முறையீட்டு நடுவர் மன்றத்தை மத்திய சர்க்கார் ஏற்படுத்தியது. போனஸ் என்பது முதலாளி போடும் பிச்சையன்று, கிடைத்த லாபத்தில் உழைத்தவனுக்கும் பங்குண்டு என்பதற்குக் கணக்குச் சூத்திரம் வகுத்தது அந்த மன்றம்தான். அந்த நன்மையை நாம் மறக்கவில்லை. ஆனால் கீழ் மன்றத்தில் வென்ற தொழிலாளியை மறுபடி இழுத்தடிக்கவும் அதே மன்றம் வழியாயிற்று. அப்பீலின் தாமதத்தையும் செலவையும் எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் குரல் எழுப்பின.

1954-ல் வங்கி ஊழியர் வழக்கில் அந்த மன்றம் கொடுத்த முடிவையே மத்திய சர்க்கார் மாற்றியது. அதை ஏற்க முடியாது என்று தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி பதவியைத் தூக்கி எறிந்தார். பதவிக்காகக் கொள்கையை விற்பவர்கள் நிறைந்த நாட்டில், தொழிலாளர்க்குக் கிடைத்த தீர்ப்பின் மானத்துக்காகப் பதவியை விட்டவர் என்பதால்தான் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த மேல்முறையீட்டு மன்றத்தையே நீக்கிவிட்டது.

அப்பீல் ஒழிந்தது என்று தொழிலாளி நிம்மதிப் பெருமூச்சு விட்டானா? இல்லை. சட்டம் அடைத்த வழியை அரசியல் சட்டத்தின் அகன்ற வாசல்கள் திறந்துவிட்டன. 226-வது பிரிவின் வழியே உயர்நீதிமன்றம். 136-வது பிரிவின் வழியே உச்சநீதிமன்றம். அரிதான வழக்குகளுக்கு என்று வைத்த சிறப்பு அனுமதி, பணமுள்ளவனின் வாடிக்கையான அடுத்த படியாகிவிட்டது.

இந்த நீண்ட பாதையில் தொழிலாளி வர்க்கம் வென்றெடுத்த சில நிழற்குடைகள் உண்டு. அவற்றைத் தோழர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். அறியாத உரிமை இல்லாத உரிமைக்குச் சமம்.

முதலாவது, 1982-ல் இயற்றி 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம். தொழில் தகராறு சட்டத்தில் 17-பி என்ற பிரிவு அதனால் சேர்ந்தது. வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லும் தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் உயர்நீதிமன்றமோ உச்சநீதிமன்றமோ போனால், வழக்கு முடியும்வரை அந்தத் தொழிலாளிக்குக் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தைக் கொடுத்துவர வேண்டும். வேறெங்கும் வேலையில் இல்லை என்று அவன் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதும். அப்படிக் கொடுத்த பணத்தை, நிர்வாகம் பின்னால் ஜெயித்தாலும் திரும்பக் கேட்க முடியாது, அது பிழைப்புக்கான படி என்று 1997-ல் தேனா வங்கி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு இடம்பெற்றிருக்கிறது.

இரண்டாவது, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம். விபத்தில் கை போனவனுக்கு இவ்வளவு கொடு என்று ஆணையர் உத்தரவிட்டால், அந்தத் தொகையை முதலில் கட்டிவிட்டு வந்தால்தான் முதலாளியின் அப்பீலுக்கே இடம் என்றது அந்தச் சட்டம். கிராஜுவிட்டிச் சட்டமும் 1972-ல் பிறந்து பின்னர் திருத்தப்பட்டு இதே நியாயத்தைப் பேசியது. பணத்தைக் கட்டு, பிறகு வழக்குப் பேசு!

மூன்றாவது, 1978-ல் ஹாஸ்காட் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் தந்த தீர்ப்பு. தண்டனை பெற்றவனுக்கு அப்பீல் உரிமை உண்டென்று ஏட்டில் எழுதிவிட்டு, தீர்ப்பின் நகலைக் கையில் கொடுக்காவிட்டால் அந்த உரிமைக்கு என்ன பொருள்? சிறையில் இருப்பவனுக்கு நகலை இலவசமாக, காலத்தோடு கொடுக்க வேண்டும், வக்கீல் வைக்க வழியில்லாதவனுக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அவர் 1957 கேரள அமைச்சரவையில் இருந்தவர். எளியவர்க்காக வழக்காடி வந்தவர். ஏழையின் பாதை எங்கே அடைபடுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த மூன்றிலும் ஒரே பாடம்தான். சட்டம் தொழிலாளியின் அடுப்பை நினைத்துப் பார்த்தபோதெல்லாம் அப்பீல் அவனை வாட்டவில்லை. அடுப்பை மறந்து ஏட்டை மட்டும் பார்த்தபோதெல்லாம் வாட்டியது.

இப்போது மொழிக்கு வருவோம்.

உயர்நீதிமன்றம் வரையிலும் ஒரு வழக்கின் உயிர் தமிழில்தான் இருக்கிறது. முதலாளி கொடுத்த குற்றச்சாட்டுத் தமிழில். தொழிலாளி எழுதிய பதில் தமிழில். சாட்சி சொன்னது தமிழில். மேலே ஏறும்போது அத்தனையும் ஆங்கிலமாக வேண்டும். மொழிபெயர்ப்புக்கும் காசு! தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல், வக்கீலின் முகத்தையும் நீதிபதியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் வழக்குக்கு உரியவன்.

வேறு வழியில்லையா? இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு, ஜனாதிபதியின் இசைவோடு ஆளுநர் உயர்நீதிமன்ற நடவடிக்கைகளில் மாநில மொழியை அனுமதிக்கலாம் என்கிறது. ராஜஸ்தானுக்கு 1950-ல் அனுமதி கிடைத்தது. உத்தரப்பிரதேசத்துக்கு 1969-ல். மத்தியப்பிரதேசத்துக்கு 1971-ல். பீகாருக்கு 1972-ல். நான்கும் இந்தி! தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டுத் தமிழுக்கு அதே உரிமையைக் கேட்டது. 2012 அக்டோபரில் உச்சநீதிமன்ற நீதிபதிகளின் முழுக்கூட்டம் ஏற்க இயலாது என்றது. மீண்டும் கேட்டபோது 2016-லும் அதே விடை.

இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் அடைபட வேண்டும்? அங்கே நீதி குலையவில்லையென்றால் இங்கே மட்டும் எப்படிக் குலையும்? ஒரே பிரிவு, ஒரே எழுத்து, ஒரே நாடு என்கிறார்கள். பலன் மட்டும் இரண்டு!

உச்சநீதிமன்றத் தீர்ப்புகளை மாநில மொழிகளில் பெயர்த்துத் தரும் பணி வேகம் பெற்றதை நாம் மனமார வரவேற்கிறோம். தீர்ப்பு ஏடுகளை இணையத்தில் காசில்லாமல் படிக்க 2023-ல் வழி செய்ததும் நல்ல காரியம். ஆனால் அந்த ஆண்டுக் குடியரசு நாளையொட்டி வெளியான தொகுப்பின் கணக்கைப் பாருங்கள். இந்தியில் 1091 தீர்ப்புகள், தமிழில் 52. பந்தியில் உட்கார வைத்ததற்கு நன்றி. இலையில் விழுந்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

அடுத்தது, உச்சநீதிமன்றத்தின் கிளை. "டில்லியிலோ, ஜனாதிபதியின் இசைவோடு தலைமை நீதிபதி குறிக்கும் வேறு இடங்களிலோ" உச்சநீதிமன்றம் அமரலாம் என்ற பொருள்பட 130-வது பிரிவு இருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம். மனம் திருந்தினால் போதும். 2009-ல் சட்ட ஆணையம் தன் 229-வது அறிக்கையில் வழி சொன்னது. அரசியல் சட்டச் சிக்கல்களை விசாரிக்கும் அமர்வு டில்லியில் இருக்கட்டும். அப்பீல் வழக்குகளைக் கேட்க டில்லி, சென்னை அல்லது ஐதராபாத், கல்கத்தா, பம்பாய் ஆகிய இடங்களில் அமர்வுகள் அமையட்டும் என்றது. 2010 பிப்ரவரியில் நீதிபதிகளின் முழுக்கூட்டம் அதற்கு அவசியமில்லை என்று முடித்தது. 2016-ல் சென்னை வக்கீல் ஒருவர் தொடுத்த வழக்கில், தேசிய மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டுமா என்ற கேள்வி அரசியல் சட்ட அமர்வின் ஆய்வுக்குப் போயிற்று.

எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

"உச்சநீதிமன்றத்தின் ஒருமைப்பாடு சிதறும்" என்கிறார்கள். 1950-ல் எட்டு நீதிபதிகளோடு தொடங்கிய மன்றம் 2019-ல் 34 என்று வளர்ந்தது. அவர்கள் அனைவரும் ஒரே மேடையில் உட்காருவதில்லை. இருவர், மூவராகப் பிரிந்து, பல அறைகளில் தனித்தனியாகத்தான் விசாரிக்கிறார்கள். அடுத்தடுத்த அறையில் பிரிந்து அமர்ந்தால் சிதறாத ஒருமைப்பாடு, அடுத்த ஊரில் அமர்ந்தால் சிதறுமா? 2004 ஜூலையில் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை திறந்தது. சென்னை உயர்நீதிமன்றம் இரண்டாக உடைந்தா போயிற்று? குமரிக்காரனும் நெல்லைக்காரனும் இராத்திரி வண்டி ஏறிச் சென்னை வரும் பாடு குறைந்தது, அவ்வளவுதான் நடந்தது.

"காணொலி வந்துவிட்டதே, கிளை எதற்கு?" என்கிறார்கள். 2020-ல் நோய்க் காலத்தில் வந்த அந்த வசதி நிலைக்கட்டும், வளரட்டும். சேலத்து வக்கீல் சேலத்திலிருந்தே டில்லியில் வாதாட முடிவது பெரிய காரியம். ஆனால் மனுப் போட இன்னமும் அந்த 16 கிலோமீட்டர் வட்டத்து வக்கீல்தானே வேண்டும்? திரை வழியே பேசலாம் என்றால், திரை வழியே மனுப் போடும் உரிமையும் வெளியூர் வக்கீலுக்கு வரட்டும். தேர்வு வைக்கட்டும், தகுதி பார்க்கட்டும். தகுதி என்பது தெருவின் பெயரா?

"கிளை வந்தால் வழக்குகள் பெருகும்" என்கிறார்கள். உண்மையை அவர்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள்! பக்கத்தில் இருந்தால் வருவார்கள் என்றால், தூரத்தில் இருப்பதால் வராமல் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? 2024-ல் அங்கே தேங்கிய வழக்குகள் 80 ஆயிரத்தைத் தாண்டின. அந்தக் குவியலுக்குள் வர முடியாமல் வெளியே நின்றுவிட்டவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக டில்லி அரசு அறிவித்தது. அதன்படி இனித் தொழில் தீர்ப்பாயத்தில் இருவர். ஒருவர் நீதித்துறை உறுப்பினர், மற்றவர் நிர்வாக உறுப்பினர். நீதிபதி இருக்கும் மேடையில் நிர்வாக அதிகாரிக்கும் நாற்காலி! கீழே நம்பிக்கை குறைந்தால் மேலே அப்பீல் பெருகும். அப்பீல் பெருகினால் தாமதம் பெருகும். தாமதம் பெருகினால் யார் தளர்வார்கள் என்பதைச் சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாட்டில் மிகப் பெரிய வழக்காடி அரசுதான். மத்திய அரசின் துறைகளும், மாநில அரசின் துறைகளும், அரசுக் கழகங்களும், தம் ஊழியர் ஒருவர் பெற்ற சின்னஞ்சிறு தீர்ப்பை எதிர்த்துக்கூட மேலே மேலே போகின்றன. அதிகாரி கையெழுத்துக்குப் பயந்து, "அப்பீல் போடு" என்று கோப்பில் எழுதிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார். செலவு மக்கள் பணம். துன்பம் ஓய்வுபெற்ற கிழவனுக்கு. எந்தக் கட்சி ஆண்டாலும், நம் கட்சியே ஆண்டாலும், இந்த வழக்கம் ஒழிய வேண்டும். தனியார் முதலாளிக்கு உபதேசம் செய்கிற வாய், அரசு முதலாளியிடம் ஊமையாகக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. சென்னையில் உச்சநீதிமன்றக் கிளை. உயர்நீதிமன்றத்தில் தமிழ். மனுப் போடும் உரிமைக்கு 16 கிலோமீட்டர் வேலி நீக்கம். தொழிலாளிக்குத் தர வேண்டிய பணத்தைக் கட்டிவிட்டே முதலாளி அப்பீல் போகும் முறை எல்லாத் தொழிலாளர் வழக்குகளுக்கும் விரிவு. சிறு தொகை வழக்குகளில் அரசின் அப்பீல் வெறிக்குக் கடிவாளம்.

கேட்டுக்கொண்டே இருப்போம்; கிடைக்கும்வரை சும்மா இருக்கவும் கூடாது. தோழர்கள் செய்யக்கூடிய வேலை இன்றே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-வது பிரிவு, தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இலவச வக்கீல் பெறும் தகுதி தருகிறது. வருமானச் சான்று கேட்டு அவனைத் திருப்பி அனுப்ப முடியாது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், சிறையில் இருப்போருக்கும் அப்படியே. தாலுகாவிலிருந்து உச்சநீதிமன்றம் வரை அதற்கான குழுக்கள் இருக்கின்றன. எத்தனை ஆலை வாசலில் இந்தச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது?

ஒவ்வொரு கிளை அலுவலகத்திலும் ஒரு பதிவேடு வையுங்கள். யாருக்கு எந்தத் தேதியில் தீர்ப்பு வந்தது, நகலுக்கு எப்போது மனுப் போட்டது, அப்பீல் கெடு எந்த நாளில் முடிகிறது என்பதை எழுதுங்கள். நிர்வாகம் மேலே போனால், மறுநாளே முழுச் சம்பளம் கேட்டு மனுவும் பிரமாணப் பத்திரமும் தயாராகட்டும். தீர்ப்பு வந்த நாளில் போடும் மாலையை விட, கெடு முடியுமுன் போடும் மனு அந்தக் குடும்பத்துக்கு உதவும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. அம்பலம் 2200 கிலோமீட்டர் தள்ளி, புரியாத மொழியில், வேலி கட்டி இருந்தால் எப்படி ஏறும்? அம்பலத்தை அருகே கொண்டுவருவோம். அங்கே நம் மொழி ஒலிக்கச் செய்வோம். அதுவரை, தனி ஒருவனின் வழக்கு என்று எதையும் விட்டுவிடாமல், வென்ற தொழிலாளி தோற்றவனைப் போல் தெருவில் நிற்காதபடி சங்கம் அவனுக்குத் துணை நிற்கட்டும்!